திருகோணமலையிலிருந்து அவுட்ரீச்சிக்கு: மூன்றாம் தடவையில் உள்ளே போனவள் எழுதும் வழிகாட்டி

முதல் தடவை நேரக் கணக்கில் விழுந்தேன். இரண்டாம் தடவை ஐந்து புரொஜெக்டுகளில் கையை வைத்து ஒன்றையும் முடிக்காமல் விழுந்தேன். மூன்றாம் தடவை கிடைத்தது. அதற்குள் ஒன்றரை வருசம் போய்விட்டது. யாராவது ஒருத்தர் உட்கார வைத்துத் தமிழில் சொல்லியிருந்தால் அதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும் என்ற எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அவுட்ரீச்சி என்பது கட்டற்ற மென்பொருள் (கோடை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்) உலகத்தில் குறைவாக இருக்கிற ஆட்களை உள்ளே கொண்டுவருவதற்கான, காசு தருகிற பயிற்சி. சொஃப்ட்வெயார் ஃப்ரீடம் கொன்சர்வன்சி என்ற அமெரிக்க அமைப்பின் கீழ் நடக்கிறது. பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், ஆண் பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர்கள், இன்னும் தங்கள் நாட்டுத் தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்படுகிற எவரும் விண்ணப்பிக்கலாம். மூன்று மாதம், கிழமைக்கு 30 மணித்தியாலம், வீட்டிலிருந்தே வேலை, மொத்தம் 7,000 அமெரிக்க டொலர். வயது 18 ஆகியிருக்க வேண்டும், பட்டம் தேவையில்லை. விண்ணப்பிக்க ஒரு சதம்கூடக் கட்டணம் இல்லை. யாராவது காசு கேட்டால் அது அவுட்ரீச்சி இல்லை, போனை வையுங்கள்.

“எனக்கு அவ்வளவு கோடிங் தெரியாதே அக்கா” என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்வது. 2006இல் க்னோம் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குக் கூகிளின் கோடைகாலப் பயிற்சிக்காக 181 விண்ணப்பங்கள் வந்தன, அதில் ஒரு பெண்கூட இல்லை. அதே கோடையில் பெண்களுக்கென்று தனியாக அறிவித்தார்கள். நூற்றுக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன, ஆறு பேரை எடுத்தார்கள். அந்த நூறு பேரும் இடையில் இருந்த கிழமைகளுக்குள் கோடிங் படித்துவிட்டு வந்தவர்களா என்ன? அவுட்ரீச்சி அங்கேயிருந்துதான் வளர்ந்தது. சரி, பழைய கதை போதும்.

1. எந்த அணி என்று முடிவெடுங்கள்

வருசத்துக்கு இரண்டு அணி, அதாவது பயிற்சி இரண்டு தடவை நடக்கும். ஒவ்வொன்றுக்கும் படி மூன்று: முதல் விண்ணப்பம், பிறகு ஒரு புரொஜெக்டில் வேலை செய்து காட்டும் பங்களிப்பு மாதம், கடைசியில் இறுதி விண்ணப்பம். மே முதல் ஆகஸ்ட் வரை ஒன்று, டிசம்பர் முதல் மார்ச் வரை மற்றது. மே அணிக்கு முதல் விண்ணப்பம் வருசத் தொடக்கத்திலேயே, டிசம்பர் அணிக்கு ஆகஸ்ட் பக்கமாக. திறந்திருப்பது சில கிழமைகள்தான். தேதிகள் ஒவ்வொரு அணிக்கும் கொஞ்சம் மாறும், அவர்களின் தளத்தைப் பார்த்துக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். டிசம்பர் அணிக்கான பங்களிப்பு மாதம் ஒக்டோபரில் வரும், மாரி தொடங்குகிற நேரம். பயிற்சியின் முதல் பாதி முழுக்க மழை, எங்கள் பக்கம் காற்றோடு மழை என்றால் கரண்டும் போகும். மே அணியில் மழைப் பிரச்சினை இல்லை, ஆனால் கச்சான் காற்றில் தகரக் கூரைக்குக் கீழே பகலில் உட்கார்ந்து வேலை செய்ய ஏலாது. நான் விடியக்காலையிலும் இரவிலும் செய்தேன். கிண்ணியாவிலிருந்து என்னோடு சேர்ந்து விண்ணப்பித்த தோழிக்குப் பங்களிப்பு மாதத்தில் நோன்பு வந்துவிட்டது. அவள் சஹருக்கு எழும்பினால் படுக்காமல் இரண்டு மணித்தியாலம் வேலை செய்வாள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லையாம். அவளுடைய மிகச் சிறந்த வேலை முழுக்க அந்த நேரத்தில் செய்ததுதான்.

2. நேரக் கணக்கு: எல்லாரும் விழுகிற குழி

நான் முதல் தடவை விழுந்த இடம். போர்மில் உங்கள் படிப்பு, வேலை, வேறு ஒப்பந்தம் எல்லாவற்றையும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதியோடு கேட்பார்கள். பயிற்சிக் காலத்துக்குள் தொடர்ச்சியாக 49 நாள் படிப்போ முழுநேர வேலையோ குறுக்கிடாமல் இருக்க வேண்டும். கணக்கை அவர்களின் மென்பொருளே போடும், நீங்கள் போட்ட தேதியில் பிழை இருந்தால் இரக்கம் பார்க்காது.

கம்பஸ் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இன்னும் பெரிசு. கல்வி நாட்காட்டியின் இணைப்பைக் கேட்பார்கள். நம் கம்பஸ்களில் ஸ்ட்ரைக், பின்போட்ட பரீட்சை என்று செமஸ்டர் எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடியும், இணையத்தில் கிடக்கும் நாட்காட்டி இரண்டு வருசம் பழசாக இருக்கும். நான் அந்தப் பழசைப் பார்த்துத் தேதி போட்டேன். மறுத்துவிட்டார்கள். அடுத்த தடவை பீடத்து அலுவலகத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டேன்: செமஸ்டர் தொடங்கும் தேதி, முடியும் தேதி, பரீட்சைத் தேதிகள், கையொப்பம், முத்திரை. கிடைக்க பதினொரு நாள் ஆனது. விண்ணப்பம் திறந்த பிறகு போய் நின்றால் கிடைக்காது, ஒரு மாதம் முந்தியே கேட்டு ஸ்கேன் பண்ணி வையுங்கள்.

இது போர்மில் போடுகிற நேரம். வீட்டில் கிடைக்கிற நேரம் வேறு. அதைப் போர்ம் கேட்காது, நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏழு நாளையும் கோடு போட்டு எழுதினேன். சமையலுக்கு உதவி, அம்மம்மாவை கிளினிக்குக் கூட்டிப்போவது, ஓ.எல் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் ரியூசன் மூன்று வகுப்பு, பின்னேரம் அப்பாவின் கடை. மிஞ்சியது கிழமைக்கு 19 மணித்தியாலம். வேண்டியது 30. அந்தத் தாளை அப்படியே சாப்பாட்டு மேசையில் வைத்தேன். இரண்டு ரியூசன் வகுப்பை விடுவது என்று நானும், பின்னேரக் கடையைத் தம்பி பார்ப்பது என்று அவனும் ஒத்துக்கொண்டோம். அவனுக்குக் கூலி மாதம் ஒரு டேட்டா ரீலோட்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் இடையில் விட்ட பெண்களில் நான் அறிந்த ஒருத்திகூடக் கோட் விளங்காமல் விடவில்லை, எல்லாருக்கும் போனது நேரம். கிடைத்த பிறகு கதைத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். காசு வருவதற்கு முன்னமே, விண்ணப்பத்துக்கு முன்னமே வீட்டில் கதைத்துவிடுங்கள்.

3. பெயர், அடையாள அட்டை, கணக்கு

தேவைப்படுபவை இவ்வளவுதான்: தேசிய அடையாள அட்டை, உங்கள் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, ஒரு தனி ஈமெயில். கடவுச்சீட்டு கட்டாயமில்லை.

குழி எங்கே என்றால் பெயரில். நமக்கு முதலெழுத்து ஒரு பக்கம், தகப்பன் பெயர் ஒரு பக்கம், கலியாணம் முடித்தவர்களுக்குப் புருசன் பெயர் இன்னொரு பக்கம். என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக முன்னால் இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் ஒற்றை எழுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘த’வுக்கு ஒன்றில் எச் இருக்கிறது, மற்றதில் இல்லை. வெளிநாட்டுக் காசு வரும்போது இந்த ஒரு எச் உங்களைக் கிழமைக்கணக்கில் அலைக்கழிக்கும். அடையாள அட்டையில் உள்ளதுபோல் வங்கிக் கணக்கை மாற்றிவிடுங்கள், இதுவும் முந்தியே.

அவுட்ரீச்சி தளத்தில் சட்டப்படியான பெயருக்கு ஒரு கட்டம், பொதுவில் காட்டும் பெயருக்கு வேறு ஒரு கட்டம் இருக்கிறது. முதலாவது ஒப்பந்தத்துக்கு மட்டும். திருநங்கைகளும் திருநம்பிகளும் இதைக் கவனியுங்கள்: அடையாள அட்டையில் பழைய பெயர் இருந்தாலும் மென்டருக்கும் (புரொஜெக்டில் உங்களுக்கு வழிகாட்டுபவர்) மற்றவர்களுக்கும் தெரிவது நீங்கள் சொல்லும் பெயர்தான். இலங்கையில் 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறது, அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்றலாம். ஆனால் அது முடியும்வரை விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

4. முதல் விண்ணப்பத்தின் கட்டுரைக் கேள்விகள்

இதில் கோடிங் பற்றி ஒன்றும் இல்லை. உங்கள் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் உங்களைப் போன்றவர்கள் எப்படிக் குறைவாக இருக்கிறார்கள், நீங்கள் என்ன பாகுபாட்டைச் சந்தித்தீர்கள் என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் இதற்கு வேலை விண்ணப்பம் மாதிரிப் பதில் எழுதுகிறார்கள். “நான் கடின உழைப்பாளி, சிறு வயது முதல் கணினியில் ஆர்வம்.” இது குப்பைக்குப் போகும். அவர்கள் கேட்டது உங்கள் குணத்தை இல்லை, கதவு எங்கே மூடியது என்பதை.

எனக்கு இதில்தான் நிறைய நேரம் போனது. புகார் சொல்லிப் பழக்கமில்லை, அதுவும் எழுத்தில். கடைசியில் நடந்த ஒன்றை எடுத்தேன். என் லப்டொப்பின் ஹார்ட் டிஸ்க் போய், தம்பியையும் கூட்டிக்கொண்டு திருத்தும் கடைக்குப் போனேன். கேள்வி கேட்பது நான். கடைக்காரர் பதிலைத் தம்பியைப் பார்த்துச் சொல்கிறார். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது, ஹார்ட் டிஸ்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் தெரியாது, மண்டையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்து நானே மாற்றினேன். இதை நாலு வரியில் எழுதி, அதோடு ஏ.எல்லில் எங்கள் வகுப்பின் லாப் சாவி எப்போதும் ஆண் பிள்ளைகளிடம்தான் இருந்தது, பள்ளி முடிந்து அவர்கள் நின்று பழகுவார்கள், நாங்கள் பஸ்ஸுக்கு ஓடுவோம் என்று எழுதினேன். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஒரே நாளில் எல்லாம் ஆங்கிலமாக மாறியதையும் எழுதினேன். அதுவும் கணக்கில் வரும்.

இரண்டு விசயம். ஒன்று, போரையும் சுனாமியையும் இரக்கத்துக்காக எழுதாதீர்கள். அது உங்கள் படிப்பை எங்கே முறித்தது என்று சொல்ல முடிந்தால் மட்டும் எழுதுங்கள். இரண்டு, எழுதித் தருகிற இயந்திரத்திடம் கொடுக்காதீர்கள். உங்கள் ஆங்கிலம் முறிந்த ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை, கடைக்காரரின் கண் எங்கே போனது என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

பெட்டிகளுக்கு எழுத்து எல்லை உண்டு, வெளியே எழுதி வைத்துவிட்டு ஒட்டுங்கள். கடைசி நேரம் உலக நேரப்படி பின்னேரம் 4 மணி. நமக்கு அது இரவு 9.30. நள்ளிரவு வரை இருக்கிறது என்று நினைத்து 10 மணிக்கு லப்டொப்பைத் திறந்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

5. செலவு

நான் உண்மையில் செலவழித்ததைச் சொல்கிறேன். பழைய லப்டொப் ஒன்று 62,000 ரூபாய். எட்டு ஜிபி ரேம், அதற்குக் குறைந்து வாங்காதீர்கள், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டால் வடிவாக ஓடும். டேட்டா, பங்களிப்பு மாதத்தில் மட்டும் 4,000 பக்கமாக. ஒரு புரொஜெக்டின் கோட் முழுதும் இருக்கும் பெரிய களஞ்சியத்தை இறக்கும்போது பழைய மாற்றங்களின் முழு வரலாற்றையும் இழுக்காமல் மேலோட்டமாக இறக்க ‘டெப்த்’ என்று ஒரு வழி இருக்கிறது. எனக்குத் தெரியாமல் முதல் நாளே மூன்று ஜிபி போய்விட்டது. வங்கிக் கடிதம், ஸ்கேன், பஸ் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள். ரவுட்டருக்குச் சின்ன பற்றரி ஒன்று வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை, கரண்ட் போனபோதெல்லாம் போன் ஹொட்ஸ்பொட்டில் ஓட்டினேன்.

6. பங்களிப்பு மாதம்

முதல் விண்ணப்பம் சரிவந்தால் புரொஜெக்ட் பட்டியல் திறக்கும். இனிமேல் ஏறக்குறைய ஒரு மாதம். இந்த மாதத்தில் நீங்கள் செய்கிற வேலையை வைத்துத்தான் மென்டர்கள் ஆளை எடுக்கிறார்கள். நேர்முகப் பரீட்சை மாதிரி ஒரு நாளில் முடியாது.

புரொஜெக்ட் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நான் இரண்டாம் தடவை ஐந்தில் சேர்ந்து ஐந்து அரட்டை அறையிலும் வணக்கம் மட்டும் சொன்னேன். கோடிங் மட்டும்தான் என்றும் இல்லை. ஆவணமாக்கம், வடிவமைப்பு, பயனர் ஆய்வு என்றும் புரொஜெக்டுகள் வரும், காசு ஒன்றுதான்.

பட்டியல் திறந்த முதல் இரண்டு நாளில் புரொஜெக்டின் மென்பொருளை உங்கள் லப்டொப்பில் நிறுவிப் பார்த்துவிடுங்கள். என் முதல் பங்களிப்பு அங்கேதான் வந்தது. நிறுவும் வழிமுறையில் சொன்னதுபோல் செய்தேன், ஓடவில்லை. கூடவே நிறுவ வேண்டிய ஒரு பொதியின் பெயர் விடுபட்டிருந்தது. அரை நாள் என்னுடைய பிழை என்று நினைத்து மூன்று தடவை திரும்ப நிறுவினேன்! பிறகுதான் ஆவணத்தில் பிழை என்று விளங்கியது. ஒரு வரி சேர்த்து, ‘இந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் போட்டேன். உடனே தானியங்கிச் சோதனையில் சிவப்புப் புள்ளடி. இந்த வேலை என்னுடையது என்று உறுதி சொல்லும் ‘சைன்ட் ஒஃப் பை’ வரி என் கொமிட்டில் (பதிந்து அனுப்பும் மாற்றம்) இல்லையாம். சேர்த்தேன். திரும்பச் சிவப்பு, வரி நீளம் கூடிவிட்டது. மூன்றாம் தடவை பச்சை. மென்டர் எழுதியது இரண்டு சொல்: “நன்றி, சேர்த்துவிட்டேன்.” அன்றிரவு பத்தரை மணி, வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள், சொல்ல ஆளில்லை, குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

புல் ரிக்வெஸ்ட் சேர்ந்ததோடு வேலை முடியாது. அதை அவுட்ரீச்சி தளத்தில் பங்களிப்பாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் இறுதி விண்ணப்பம் திறக்காது. நல்ல வேலை செய்து, பதிய மறந்து வெளியே நின்றவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்பதைப் பற்றி ஒரு சொல். நமக்குப் பழக்கம் தனிச் செய்தியில் கேட்பது, அதுவும் “சேர், மன்னிக்கவும், இது சின்னக் கேள்வி” என்று தொடங்குவது. இரண்டையும் விடுங்கள். பொது அறையில் கேளுங்கள்: என்ன செய்தேன், என்ன பிழை வந்தது, என்ன முயற்சித்தேன், மூன்று வரி. சேர், மேடம் எல்லாம் அங்கே இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வர இரண்டு கிழமை எடுத்தது. பொதுவில் கேட்டால் பதிலும் பொதுவில் நிற்கும், மென்டரின் கண்ணிலும் படும். அடுத்தவளுக்கு நீங்கள் பதில் சொன்னால் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

இரவுக் கூட்டம் வரும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு அவர்களின் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. யாரோடு இந்த நேரத்தில் கதைக்கிறாய் என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் வந்தது. நான் அறைக் கதவைச் சாத்தவில்லை. ஹோலில் மேசையைப் போட்டு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துக் கதைத்தேன். அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூன்றாவது கூட்டத்தோடு அவருக்கு அலுத்துவிட்டது, “இதையா இவ்வளவு நேரம் கதைக்கிறீர்கள்” என்று எழும்பிப் போய்விட்டார். எல்லா வீட்டிலும் இது சரிவரும் என்று சொல்ல மாட்டேன். சரிவராவிட்டால் மென்டரிடம் நேரத்தை மாற்றக் கேளுங்கள், அல்லது எழுத்தில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். கேட்டதற்காக யாரும் புள்ளி குறைப்பதில்லை.

7. உங்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்

கட்டற்ற மென்பொருளில் எல்லாம் திறந்தவெளி. ஒரு கொமிட்டில் போகும் ஈமெயில் முகவரி உலகம் உள்ளவரை அங்கே கிடக்கும். அதனால் தனி ஈமெயில், அல்லது கோட் வைக்கும் தளமான கிட்ஹப் தரும் மறைமுக முகவரியைப் போடுங்கள். போன் நம்பர் எங்கேயும் வேண்டாம். படம் போடுவது உங்கள் விருப்பம், நான் கோணேசர் மலைப் பக்கம் நின்ற ஒரு மானின் படத்தைப் போட்டேன், இன்றும் என்னை மான் என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

“தனியாகச் சொல்லித் தருகிறேன்” என்று உள்பெட்டியில் வருகிறவர்களைப் பொது அறைக்கு அனுப்புங்கள். உண்மையில் உதவ நினைப்பவர் அங்கேயும் உதவுவார். ஒவ்வொரு புரொஜெக்டிலும் நடத்தை விதிகள் என்று ஒரு கோப்பு இருக்கும். சேரும் முதல் நாளே அதைத் திறந்து, முறைப்பாட்டை யாருக்கு அனுப்புவது என்ற வரியை மட்டும் பார்த்து வையுங்கள். அந்த வரியே இல்லாத புரொஜெக்டில் நான் சேர மாட்டேன். ஒரு தடவை எனக்குத் தேவைப்பட்டது. ஸ்கிரீன்ஷொட்டோடு எழுதினேன், இரண்டு நாளில் அந்த ஆளை அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

8. இறுதி விண்ணப்பம்

பயிற்சிக் காலத்தைக் கிழமை கிழமையாகப் பிரித்து என்ன செய்வீர்கள் என்று ஒரு அட்டவணை கேட்பார்கள். மென்டரிடம் முன்கூட்டியே காட்டித் திருத்துங்கள், அதற்குத் தடையில்லை. பரீட்சை, திருவிழா, மழை எல்லாவற்றையும் உண்மையாகப் போடுங்கள். கடைசி நேரம் இதற்கும் இரவு 9.30தான்.

9. காசு

அவுட்ரீச்சியில் நீங்கள் ஊழியர் இல்லை, வரி உங்கள் பொறுப்பு. ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 7,000 டொலர் 21 லட்சம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 லட்சம் வரை வரி இல்லை, வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு உச்சம் 15 வீதம். வேறு வருமானம் இல்லாவிட்டால் மிஞ்சிய 3 லட்சத்துக்குத்தான் வரி வரும். பயந்துபோய் ஒளிக்கிற அளவு தொகை இல்லை, எவ்வளவு என்று தெரிந்த ஒருவரிடம் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் டின் நம்பர் (வரி அடையாள இலக்கம்) எடுங்கள், ஒன்லைனில், இலவசம். வரிக் கணக்கு வருசம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது என்பதையும் நினைவில் வையுங்கள், டிசம்பர் அணிக்காரருக்குக் காசு இரண்டு வரி வருசங்களில் பிரிந்து விழலாம்.

டொலராகவே வைத்திருக்க வேண்டும் என்றால் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று ஒன்றை வங்கியில் திறக்கலாம். நான் போன கிளையில் இருந்தவர் “அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ பிள்ளை” என்றார். எனக்கு இருபத்தைந்து வயது. அப்படிச் சொன்னால் எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று அமைதியாகக் கேளுங்கள், அல்லது பக்கத்துத் தெருவில் வேறு வங்கி இருக்கிறது. நான் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். கொண்டுபோக வேண்டியது: அடையாள அட்டை, முகவரியை உறுதிப்படுத்தும் ஏதாவது பில், அவுட்ரீச்சி ஒப்பந்தத்தின் பிரதி. வரும்போது வெளிநாட்டுக் காசு வரத் தேவையான வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டையும் கிளைக் குறியீட்டையும் எழுதி வாங்கி வாருங்கள்.

10. பயிற்சிக்குப் பிறகு, அல்லது கிடைக்காவிட்டால்

இரண்டுக்கும் ஒரே பதில்தான்: போக வேண்டாம், நில்லுங்கள். ஒரு தடவை பயிற்சிக்கு எடுத்துவிட்டால் அவுட்ரீச்சி உங்களைத் திரும்ப எடுக்காது. எடுபடாவிட்டால் எத்தனை தடவையும் விண்ணப்பிக்கலாம். எப்படியானாலும் நீங்கள் சேர்த்த கோட் அங்கேயே இருக்கும், உங்கள் பெயரோடு.

கிட்ஹப் 2017இல் எடுத்த கணக்கெடுப்பில் பதில் சொன்ன திறந்த மூலப் பங்களிப்பாளர்களில் 95 வீதம் ஆண்கள், 3 வீதம்தான் பெண்கள். அந்த 3 வீதத்திலும் யாரிடம் கோட் சேர்க்கும் உரிமை இருக்கிறது, யார் கூட்டத்தின் நேரத்தை முடிவு செய்கிறார், முறைப்பாட்டு ஈமெயில் யாருக்குப் போகிறது என்று கேட்டால் இன்னும் குறையும் என்பது என் கணிப்பு. இந்த உலகத்தில் தலைமை என்பது அந்த மூன்று இடமும்தான். யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள், கேட்க வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காக வேலை செய்த பிறகு, “வரும் இஷ்யூக்களைத் தரம் பிரிக்கும் உரிமை எனக்குத் தர முடியுமா” என்று எழுதுங்கள் (இஷ்யூ என்றால் பிழை, கோரிக்கை பற்றிய பதிவு). அடுத்தது மற்றவர்களின் வேலையை ரிவியூ பண்ணுவது, அதாவது சேர்ப்பதற்கு முன் சரிபார்ப்பது. அடுத்த அணியில் மென்டராகப் பெயர் கொடுப்பது.

ஒரு பொறி இருக்கிறது. கூட்டக் குறிப்பு எழுதுவது, விழா ஒழுங்குபடுத்துவது, புதியவர்களை வரவேற்பது, இதெல்லாம் ஏனோ தெரியாது, எப்போதும் பெண்களின் மடியில் வந்து விழும். தேவையான வேலைதான், ஆனால் ரிவியூ உரிமை கேட்கும்போது யாரும் இதை எண்ண மாட்டார்கள். நான் ஒரு மாதம் குறிப்பு எழுதினேன், அப்புறம் “அடுத்த மாதம் யார்?” என்று ஒரு அட்டவணை போட்டுவிட்டேன். ஒருத்தரும் மறுக்கவில்லை, சும்மா இதுவரை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

கோடிங் பக்கம் போக விருப்பம் இல்லையென்றால் தமிழாக்கம் இருக்கிறது. ஃபயர்ஃபொக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் மொழிபெயர்ப்புத் தளமான பொன்டூனில் முதலில் பங்களிப்பாளர், பிறகு மொழிபெயர்ப்பாளர், பிறகு அந்த மொழியின் மேலாளர் என்று படி இருக்கிறது. இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்கு வேறு ஒன்று என்று தனித்தனிப் பிரிவே உண்டு. கொம்பியூட்டரில் ‘சேமி’ என்று இருக்க வேண்டுமா ‘சேமிக்க’ என்று இருக்க வேண்டுமா என்று தீர்மானிப்பது அங்கே ஒப்புதல் உரிமை உள்ளவர்தான். அது ஏன் மூதூரிலிருந்து ஒருத்தியாக இருக்கக்கூடாது?

வாக்குரிமையையும் விடாதீர்கள். தொடர்ந்து பங்களித்தால் க்னோம் அறக்கட்டளையில் உறுப்பினராகி இயக்குநர் சபைக்கு வாக்குப் போடலாம். டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில் கோட் ஏற்றாமல் ஆவணம், மொழிபெயர்ப்பு, விழா வேலை செய்பவர்களும் டெவலப்பராக ஏற்கப்படுகிறார்கள், திட்டத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கவும் நிற்கவும் முடியும். கேரளத்தின் ஸ்ருதி சந்திரன் 2020இல் அந்தத் தேர்தலில் நின்றார், பல்வகைமைதான் அவர் முன்வைத்த முக்கிய விசயம். அந்தத் தடவை தோற்றார், பிறகும் நின்றார். மலையாளம் பேசும் பக்கத்து ஊர்க்காரி நிற்கிறார் என்றால் தமிழ் பேசும் நமக்கு அது அவ்வளவு தூரம் இல்லை.

கடைசியாக, தனியாகச் செய்யாதீர்கள். நாங்கள் இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். பின்னேரம் மூன்றுக்குத் தொடங்கி ஐந்துக்கு முடித்துவிடுவோம், கிண்ணியா, நிலாவெளிப் பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் பஸ் பிடிக்க வேண்டும். சும்மா பார்க்க வரலாம், லப்டொப் இல்லாமலும் வரலாம். லப்டொப் உள்ளவர்கள் சார்ஜரையும் கொண்டு வாருங்கள். விறாந்தையில் பிளக் பொயின்ட் இரண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்று ஆடும், யாரிடமாவது நீட்டு வயர் இருந்தால் அதையும்.